நான்சி ரோமனுக்கு ஊர் வாசிகசாலையில் விழா எடுப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு விழா எப்படி நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை, சிறப்புரை, அதுக்குப் பிறகு விருந்தினர் உரை என்று இன்னும் நாலு பேர். நன்றியுரை சொல்கிறவர் மைக்கைப் பிடிக்கும்போது பின்வரிசைக் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். யாருக்காக விழா எடுத்தோமோ அவரைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்திருந்தால் பெரிய விஷயம். ஒரு விண்வெளி விஞ்ஞானிக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு விழா எடுக்க நினைக்கிறவர்கள் இதே அச்சை எடுத்தால், "பெண்களால் முடியாதது எதுவும் இல்லை" என்று ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லி முடிப்பார்கள், வந்த பிள்ளைக்கு அந்த அம்மா என்ன வேலை செய்தார் என்பது கடைசிவரை விளங்காது.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க ஒரே ஒரு எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறேன்: அவரைப் பற்றிய பேச்சைக் குறையுங்கள், அவர் செய்த வேலையை வந்தவர்கள் கண்ணாலும் கையாலும் செய்து பார்க்க வையுங்கள். மண்டபம் தேவையில்லை. ஒரு வாசிகசாலை, முன்னால் கொஞ்சம் வெறுங்காணி, ஒரு மாலை நேரம் போதும்.

யாரை எடுப்பது

நான் நான்சி கிரேஸ் ரோமனை எடுத்துக்கொள்கிறேன். நாசாவின் முதலாவது வானியல் தலைமை அதிகாரி, அங்கே நிர்வாக உயர்பதவிக்கு வந்த முதல் பெண், பூமியைச் சுற்றும் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டிக்காக "ஹபிளின் தாய்" என்று கூப்பிடப்பட்டவர். நீங்கள் வேறு ஆளையும் எடுக்கலாம். தமிழ் ஆளாக இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று நினைத்தால் அரியலூரில் பிறந்த வளர்மதி இருக்கிறார். 2012 ஏப்ரல் 26 இல் ஏவப்பட்ட ரிசாட்-1 ராடார் செய்மதியின் திட்ட இயக்குநர். செங்கோட்டையின் நிகார் சாஜி இருக்கிறார், சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1 அவர் கையில் நடந்த திட்டம். இவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

ரோமனை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. விண்வெளி என்றாலே ரொக்கெட்டில் ஏறிப் போகிறவரைத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரோமன் எங்கேயும் பறக்கவில்லை. கோப்பு, கூட்டம், பட்ஜெட், கடிதம், திரும்பவும் கூட்டம் என்று வாழ்நாளின் பெரிய பகுதியைக் கழித்தவர். அந்தக் கோப்புகளில் இருந்துதான் தொலைகாட்டிகள் வானத்துக்குப் போயின. அரசாங்க உத்தியோகத்தை இவ்வளவு மதிக்கிற எங்கள் ஊரில் இந்தக் கதை எடுபடாமல் போனால் வேறு எங்கே எடுபடும்!

"இதுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்கு மூன்று பதில் வைத்திருங்கள். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது, வானியல் அங்கே ஒரு பாடம். அடுத்த வருடமே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை எங்கள் தலைக்கு மேலாலேதான் போனது. மூன்றாவது, ஹபிள் தொலைகாட்டியை யாழ்ப்பாணத்தில் இருந்து வெறுங்கண்ணால் பார்க்கலாம். மூன்றாவதைச் சொன்னதும் கேட்டவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். விழாவை அதைச் சுற்றியே கட்டுங்கள்.

நாள் பார்ப்பது

ரோமன் பிறந்தது 1925 மே 16. பிறந்தநாளிலேயே வைப்போம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது முள்ளிவாய்க்கால் நினைவுக் கிழமைக்குள் விழுகிறது, அந்த நாட்களில் இங்கே யாரும் கொண்டாட்டம் வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. ஒக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். பாடசாலைகளுக்கு அது வசதிதான், ஆனால் வடக்கில் மாரி தொடங்குகிற காலம், மேகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டி வரும். மார்ச் 8 மகளிர் தினத்தில் ஊரில் உள்ள எல்லா மேடையும் நிறைந்திருக்கும்.

எனக்குப் பிடித்த நாள் ஏப்ரல் 24. 1990 இல் டிஸ்கவரி விண்ணோடம் ஹபிளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட நாள் அது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை, வெளியூரில் இருந்து வந்தவர்கள் சிலர் இன்னும் ஊரில் நிற்பார்கள், சோளகக் காற்று முழுதாக எழும்பியிராது. சோளகம் எழும்பிவிட்டால் தொலைகாட்டி நடுங்கும், புழுதி வேறு. அந்த நாள் சரிவராவிட்டால் மாசி, பங்குனி மாதத்து மாலைகள் நல்லவை, வானம் தெளிவாக இருக்கும். விடுமுறை என்று போயா தினத்தைப் பிடிக்காதீர்கள். முழுநிலவு வெளிச்சத்தில் நட்சத்திரம் பாதி காணாமல் போய்விடும். வளர்பிறை ஐந்தாம் ஆறாம் நாள் என்றால் நிலவும் கிடைக்கும், அதன் குழிகளும் வடிவாகத் தெரியும், நட்சத்திரமும் மிச்சமிருக்கும்.

இப்போது ஹபிள். அது பூமியை ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றுகிறது, உயரம் கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது, அதாவது வடக்கே 28.5 பாகைக்கு மேலே அது போவதே இல்லை. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 9.7 பாகை வடக்கு. ஆகவே எங்கள் தலைக்கு மேலேயே போகும். லண்டனில் இருந்து பார்க்கவே முடியாது, ரொறொன்ரோவில் அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் எங்களிடம் இருக்கு உங்களிடம் இல்லை என்று சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு, இதை விடாதீர்கள்.

எப்போது தெரியும் என்பதை "ஹெவன்ஸ் அபவ்" என்ற இணையத்தளத்தில் பார்க்கலாம். உங்கள் ஊரை வரைபடத்தில் குறித்துவிட்டு, செய்மதி எண் 20580 ஐக் கொடுத்தால் அடுத்த பத்து நாளுக்கு எந்த நேரம், எந்தத் திசையில் எழும்பி, எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று பட்டியல் தரும். மேற்குப் பக்கத்தில் எழும்பிக் கிழக்கு நோக்கி, சத்தமில்லாமல், சிமிட்டாமல் ஒரு நட்சத்திரம் நடந்து போகிற மாதிரி இருக்கும், சில நிமிடம்தான். சர்வதேச விண்வெளி நிலையம் அளவுக்குப் பளிச்சென்று இராது, ஆனாலும் நன்றாகத் தெரியும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானத்திலேயே மங்கி மறைந்துவிடும், அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "விழுந்திட்டுது" என்று கத்துவார்கள்.

இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. இருட்டிய பிறகு ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வருகிற கடவைதான், அதாவது ஹபிள் எங்கள் வானத்தைக் கடந்து போகிற தடவைதான், உங்களுக்குப் பயன்படும். நாங்கள் இருட்டில் நிற்கவேண்டும், மேலே அதன்மேல் வெயில் படவேண்டும். சில கிழமைகளுக்கு மாலையில் இப்படிக் கடவைகள் வரும், பிறகு சில கிழமைகளுக்கு ஒன்றும் இராது. ஆகவே ஏப்ரல் 24 என்று பிடிவாதம் பிடிக்காமல், கடவை இருக்கும் நாளுக்கு விழாவை நகர்த்துங்கள். ஹபிளின் உயரம் காற்றின் இழுவையால் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போவதால் பல கிழமைக்கு முன்னால் பார்த்த நேரம் பிசகும். அழைப்பிதழில் "மாலை 6 மணி" என்று மட்டும் போட்டுவிட்டு, சரியான நேரத்தை இரண்டு நாளுக்கு முன் மறுபடி பாருங்கள்.

கதையை எப்படிச் சொல்வது

இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சொல்லட்டும், பெரியவர்கள் யாரும் சொல்லவேண்டாம். கீழே உள்ளதில் பிடித்ததை எடுங்கள்.

ரோமனுக்கு 11 வயது. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரத்தில் கூட்டாளிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கிழமைக்கு ஒருநாள் கூடும் வானியல் கழகம் நடத்துகிறார். பிறகு உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாவது வருட லத்தீனுக்குப் பதிலாக இரண்டாவது அட்சரகணிதம் படிக்கக் கேட்டபோது, லத்தீனை விட்டுக் கணிதம் எடுக்கிற பெண்ணும் இருக்கிறாளா என்று வழிகாட்டும் ஆசிரியை கேட்டாராம். இங்கே "பொம்பிளைப் பிள்ளைக்கு பயோ போதும், மட்ஸ் எதுக்கு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் கூட்டத்தில் நிறைய இருப்பார்கள், இந்த இடத்தில் ஒரு சிரிப்பு எழும்பும்.

1949 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். ஆய்வுத் தலைப்பு சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரக் கூட்டம். இதைக் குறித்து வையுங்கள், பின்னால் வானத்தில் தேவைப்படும். யேர்க்கிஸ் வானாய்வு நிலையத்தில் சில வருடம் வேலை. நட்சத்திரங்களின் ஒளியில் உள்ள கோடுகளைப் பார்த்து, உலோகம் கூடிய நட்சத்திரங்கள் பால்வீதியில் ஏறக்குறைய வட்டப் பாதையிலும், உலோகம் குறைந்தவை நீண்டு சாய்ந்த பாதைகளிலும் போகின்றன என்று 1950 இல் காட்டினார். நல்ல வேலைதான். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே ஒரு பெண்ணுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை, விட்டுவிட்டுக் கடற்படை ஆய்வுகூடத்துக்கு ரேடியோ வானியலுக்குப் போனார். அங்கிருந்து 1959 இல் நாசா. நாசா தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவர் தன் பெயருக்கு முன் கலாநிதி என்று சொல்லிக்கொண்டதற்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: அப்படிச் சொல்லாவிட்டால் தொலைபேசியில் செயலாளர்மாரைத் தாண்டி உள்ளே போக முடியவில்லையாம். அழைப்பிதழில் பட்டங்களை வரிசையாக அடுக்குகிற எங்கள் ஊருக்கு இந்தக் காரணம் புதிதாக இருக்கும்.

தோல்விகளை விழுங்காதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். அவரது திட்டத்தில் முதலாவது பெரிய வான் தொலைகாட்டிச் செய்மதி 1966 இல் மேலே போனது, மின்கலக் கோளாறால் சில நாளிலேயே போய்விட்டது. 1968 டிசம்பரில் போன இரண்டாவது நாலு வருடத்துக்கு மேல் உழைத்தது. 1970 இல் போனது சுற்றுப்பாதைக்கே போகவில்லை. 1972 இல் கொப்பர்னிக்கஸ் போனது, அது நன்றாக ஓடியது. ஒன்று விழ ஒன்று எழும்ப, அவ்வளவு காலமும் அடுத்ததுக்குக் காசு கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். 1979 இல் ஓய்வுபெற்றார். ஹபிள் போனது அதற்கு 11 வருடம் கழித்து. போனபோது அதன் ஆடி, அதாவது ஒளியைச் சேர்க்கும் பெரிய கண்ணாடி, சரியாகச் செதுக்கப்படவில்லை என்று தெரியவந்து, 1993 டிசம்பரில்தான் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தினார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை, கொம்பியூட்டர் புரோகிராம் எழுதப் படித்தார், பார்வையற்றவர்களுக்காக வானியல் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்தார். 2018 டிசம்பரில் 93 வயதில் காலமானார். 2020 இல் நாசா தன் அடுத்த பெரிய தொலைகாட்டிக்கு அவர் பெயரை வைத்தது. ஆடி ஹபிளின் அளவுதான், 2.4 மீற்றர், ஆனால் ஒரே படத்தில் ஹபிளைவிட நூறு மடங்கு அகலமான வானத்தைப் பிடிக்கும்.

விளக்கு, தண்ணீர், காசு

கதைக்கு முன்னமோ பின்னமோ மூன்று மேசை வையுங்கள். மூன்றும் அவர் செய்த மூன்று வேலைக்கு நேராக இருக்கும்.

முதல் மேசைக்குத் தனியாகச் சாமான் தேவையில்லை, மங்கல விளக்கே போதும். எப்படியும் ஏற்றத்தான் போகிறீர்கள். பழைய சீடி ஒன்றை எடுத்து, அச்சில்லாத பளபளப்பான பக்கத்தில் சுடர் தெரியும்படி சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறங்கள் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக விரியும். டிவிடியில் கோடுகள் இன்னும் நெருக்கம், நிறம் இன்னும் அகலமாக விரியும். பக்கத்தில் குழாய் சுருண்டிருக்கும் பழைய சீஎஃப்எல் பல்ப் ஒன்றை எரியவிட்டு அதே சீடியில் பார்க்கச் சொல்லுங்கள், இப்போது நிறங்கள் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் கொஞ்சம் உப்பு போட்டால் சுடரே மஞ்சளாகும், அது சோடியம். இதை மட்டும் ஒரு சயன்ஸ் ரீச்சர் நின்று செய்யட்டும், பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம். எரிகிறது என்ன பொருள் என்று கிட்டப் போகாமலே வெளிச்சத்தில் இருந்து சொல்லலாம் என்பது பிள்ளைக்கு விளங்கிவிட்டால், யேர்க்கிஸில் ரோமன் பார்த்த வேலை விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் பிரமுகர்கள் வரிசையில் நின்று திரி ஏற்றிய விளக்குக்கு இப்போதுதான் ஒரு விஞ்ஞான வேலை கிடைக்கிறது!

இரண்டாவது மேசையில் அகலமான பேசின் ஒன்று, அடியில் பொலித்தீன் உறையில் போட்ட ஒரு பேப்பர், அதில் சின்ன எழுத்துகள். தண்ணீர் அசையாதபோது வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு கையால் கலக்கிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் காற்று செய்வது இதைத்தான். அதோடு புறஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் காற்று கீழே விடுவதும் இல்லை. தொலைகாட்டியை ஏன் இவ்வளவு காசு கொட்டி மேலே அனுப்பவேண்டும் என்பதற்கு இதைவிட நீளமான விளக்கம் தேவைப்படாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக விருப்பமானது, இதுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். 1974 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை ஹபிள் திட்டத்துக்கான காசை வெட்டியது. நாடு முழுக்க வானியலாளர்கள் கடிதம் எழுதினார்கள், நேரில் போய்க் கதைத்தார்கள், ஐரோப்பியர்கள் பங்காளிகளாகச் சேர்ந்தார்கள், 3 மீற்றராக நினைத்திருந்த ஆடி 2.4 ஆகச் சுருங்கியது, கடைசியில் 1977 இல் அனுமதி. அமெரிக்கர் ஒவ்வொருவரும் ஒரு தடவை படம் பார்க்கப் போகும் காசைக் கொடுத்தால் வருடக்கணக்கில் கண்டுபிடிப்புகள் கிடைக்கும் என்பது ரோமன் சொன்ன கணக்கு.

இதை ஒரு விசாரணைக் குழுவாக நடத்துங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர்: கூட்டுறவுச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர், கடை முதலாளி, ஒரு அம்மம்மா, கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவர். இந்தப் பக்கம் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒன்று, கையில் ஒரு பக்கக் குறிப்பு. "இந்தக் காசுக்கு றோட்டுப் போடலாமே", "ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கலாமே" என்று உண்மையாகவே கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள், பிள்ளையிடமும் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிவில் சனம் கை தூக்கி வாக்களிக்கட்டும். பிள்ளை தோற்றாலும் பரவாயில்லை, ரோமனும் முதல் தடவையிலேயே வெல்லவில்லையே. அம்மம்மாதான் அனேகமாக எல்லாரையும்விடக் கடுமையான கேள்வி கேட்பார், அவரை நடுவில் இருத்துங்கள்.

வானம்

இருட்டியதும் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். தொலைகாட்டி வாசிகசாலையில் இருக்காது; பக்கத்துப் பெரிய பாடசாலைகளில் சிலவற்றில் ஒன்று அலுமாரிக்குள் இருக்கும், அதிபருக்குக் கடிதம் கொடுத்து, அதை இயக்கத் தெரிந்த ஆசிரியரையும் சேர்த்துக் கேளுங்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் பௌதிகவியல் துறையிலும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றும் சரிவராவிட்டால் நல்ல பைனாகுலர் ஒன்று, 7×50 அல்லது 10×50, போதும்.

முதலில் ஹபிள். நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னமே போன் வெளிச்சங்களை அணைக்கச் சொல்லுங்கள். அதுக்குப் பிறகு சப்தரிஷி மண்டலம். ஏப்ரல் கடைசியில் எட்டு, எட்டரைக்கு வடகிழக்கில் பனைகளுக்கு மேலே வந்துவிடும். துருவ நட்சத்திரத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், எங்கள் ஊரில் அது அடிவானத்தில் இருந்து பத்துப் பாகைகூட இல்லை, வேலியோ வீடோ மறைக்கும்.

சப்தரிஷியின் வால் பக்கத்தில் நடு நட்சத்திரம் வசிட்டர், ஒட்டிக்கொண்டு மங்கலாக நிற்பது அருந்ததி. கலியாணத்தில் ஐயர் காட்டுகிற, அனேகமாகப் பகலில் காட்டி எல்லாரும் தெரிந்தமாதிரித் தலையாட்டுகிற, அதே அருந்ததி. சப்தரிஷியின் ஏழில் நடு ஐந்தும், அருந்ததியும், ஒரே திசையில் ஒரே வேகத்தில் சேர்ந்து போகிற ஒரு கூட்டம். இரண்டு முனையில் இருப்பவை மட்டும் வேறு ஆட்கள். ரோமன் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கூட்டத்தைத்தான். கூட்டத்தில் கலியாணம் முடித்தவர்களைக் கூப்பிட்டு அருந்ததியைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல பம்பல். பிறகு தொலைகாட்டியை வசிட்டர் மேல் திருப்புங்கள், சின்னத் தொலைகாட்டியிலேயே அவர் இரண்டாகப் பிரிந்து தெரிவார்.

பச்சை லேசர் வைத்துக் காட்டுகிறவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம், பலாலிக்கு வந்துபோகும் விமானங்களின் பக்கமும் திருப்பக்கூடாது.

மிச்ச அலுவல்கள்

சனி, ஞாயிறு என்றால் ரியூசன். இது யாழ்ப்பாணத்தில் எந்த விழாவையும் கொல்லும். பக்கத்து ரியூசன் நிலையங்களில் போய் அன்று மாலை வகுப்பை ஒரு மணித்தியாலம் முன்னால் முடிக்கக் கேளுங்கள், கேட்டால் சிலர் செய்வார்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தையும் நல்லூர்த் திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகள் வரவேண்டும் என்றால் அம்மாமாரையும் சேர்த்து அழைக்கவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு முடியும் நிகழ்ச்சிக்குத் தனியாக விடமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அழைப்பில் "பெற்றோருடன்" என்று போடுங்கள், முடியும் நேரத்தையும் போட்டு அந்த நேரத்துக்கே முடியுங்கள். தூரத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டோ ஒழுங்கு செய்வது பொன்னாடை வாங்குவதைவிட நல்ல செலவு.

தெருவிளக்கை ஒரு மணித்தியாலம் அணைக்கப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுங்கள், ஒரு கிழமைக்கு முன்னமே. அயல் வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள், முற்றத்து லைற்றை அணைப்பதோடு அவர்களே கதிரையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரிய ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டும். சின்னக் கூட்டத்துக்கு அது தேவையுமில்லை. நுளம்புச் சுருள் நாலு மூலையிலும் கொளுத்தி வையுங்கள், ஆனால் தொலைகாட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், புகை.

படங்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். நாசாவின் படங்களில் பெரும்பாலானவற்றை இப்படியான நிகழ்ச்சிக்கு இலவசமாகப் பயன்படுத்தலாம், கீழே நாசா என்று குறிப்பிட்டால் சரி. பிளெக்ஸ் அடித்தால் ரோமனின் படம் பெரிதாகவும் அனுசரணையாளர் பெயர் சிறிதாகவும் இருக்கட்டும், அச்சகத்தில் இதைத் தலைகீழாகச் செய்துதருவார்கள், கவனம். பிரமுகர் வந்தால் விசாரணைக் குழுவில் ஒரு கதிரை கொடுத்துக் கேள்வி கேட்க விடுங்கள், உரை வேண்டாம். சாப்பாட்டுக்குக் கடலையும் வடையும் பிளேன்ரீயும் தாராளம். வானம் பார்க்கப் போக முன்னமே கொடுத்துவிடுங்கள், இருட்டில் தேத்தண்ணி ஊற்றுவது சரிவராது.

முகில் மூடிவிட்டால்? மேசைகள் மூன்றும் உள்ளேதான் இருக்கின்றன, அவை நடக்கும். வானத்துக்கு மட்டும் மாற்றுநாள் ஒன்றை முதலே அழைப்பில் போட்டுவிடுங்கள். அந்தக் கிழமைக்குள் வரும் மற்ற ஹபிள் கடவைகளின் நாள், நேரம், திசை மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வாசிகசாலைப் பத்திரிகை மேசைக்கு மேலே ஒட்டிவிட்டால், விழாவுக்கு வராதவர்களும் பேப்பர் பார்க்க வரும்போது பார்த்து வைத்துக்கொண்டு தங்கள் முற்றத்தில் நின்றே பார்ப்பார்கள்.